ரவிதாசனின் தங்கையைக் கட்டியவர்

எங்கள் ஆயா வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. மேலே ஆயாவின் கூறைப்புடவை, தாத்தாவின் மூக்குக்கண்ணாடி, சீட்டுக் கட்டிய ரசீதுகள். அதற்குக் கீழே காலிக்கோ அட்டை போட்டுத் தைத்த தடித் தடியான தொகுப்புகள். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் பிரித்தெடுத்து, சேர்த்துவைத்து, தண்டையார்பேட்டையில் பைண்டிங் செய்கிறவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கியவை. அதில் பாதிக்கு மேல் கல்கியின் பொன்னியின் செல்வன். 1950-இலிருந்து 1954 வரை அது முதன்முதலில் வந்தபோது ஆயா சின்னப் பெண். பிற்பாடு அதே பத்திரிகை மறுபடியும் தொடராகப் போட்டபோது சேர்த்தது இது.

பைண்டு புத்தகத்தில் கதை படிப்பது தனி அனுபவம். வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவான். பக்கத்தைத் திருப்பினால் வற்றல் குழம்புக் குறிப்பு பாதி நிற்கும். ஓரத்தில் அறுபட்ட பற்பொடி விளம்பரம். ஓரிடத்தில் மட்டும் கதை சட்டென்று தாவும். இரண்டு வார இதழ்கள் இல்லை. எனக்கு அப்போது பத்து வயது. ஆயாவிடம் கேட்டேன்.

"அந்த ரெண்டு வாரம் உங்க சித்தப்பன் பொறந்த நேரம் பாப்பா. ஆஸ்பத்திரியில கெடந்தேன். யாரும் வாங்கி வெக்கல."

"அப்போ கதை?"

"கதைக்கு என்ன? நான் சொல்றேன்."

சொன்னார். வந்தியத்தேவனைச் சேவகர்கள் துரத்துகிறார்கள். அவன் ஒரு செக்கு வீட்டுக்குள் புகுந்துவிடுகிறான். அந்த வீட்டுப் பெண் அவனைப் புண்ணாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறாள். சேவகர்கள் வந்து கேட்கிறார்கள். அவள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, யாரும் வரவில்லை என்கிறாள். விடிவதற்குள் கஞ்சி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடுகிறாள். அவன் திரும்பிப் பார்க்கிறான், அவள் வாசலில் நிற்கிறாள். அவ்வளவுதான். 

கல்லூரிக் காலத்தில் ஐந்து பாகமும் அச்சுப் புத்தகமாக வாங்கியபோது முதல் வேலையாக அந்தப் பெண்ணைத் தேடினேன். எங்கும் இல்லை. அந்த இடத்தில் நடப்பதே வேறு. செக்கு வீடு ஆயாவுடையது, அந்தப் பெண்ணும் ஆயாவுடையவள். ஆனால் இன்றைக்கும் அந்த நாவலை நினைத்தால் குந்தவையும் பூங்குழலியும் வருகிற வரிசையில் அவளும் வந்துவிடுகிறாள். நான் சரித்திரக் கதை எழுத ஆசைப்பட்டதற்கு அவள்தான் காரணம்.

சரி, இப்போது கொலைக்கு வருகிறேன்.

சோழர் கதை படித்த எல்லாருக்கும் தெரிந்த கேள்வி: ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? சுந்தர சோழரின் மூத்த மகன், பட்டத்து இளவரசன், வீரபாண்டியன் தலையை எடுத்தவன். 970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொல்லப்பட்டான். அரியணை அவன் தம்பி அருள்மொழிக்கு வரவில்லை. சிற்றப்பா உத்தம சோழருக்குப் போனது. அவருக்குப் பிறகு 985-இல்தான் அருள்மொழி ராஜராஜனாக முடிசூடுகிறார். கல்கி அந்தக் கொலையைக் கடம்பூர் மாளிகையின் இருட்டறையில் வைத்தார். நந்தினி, வந்தியத்தேவன், பெரிய பழுவேட்டரையர், ரவிதாசன் என்று எல்லாரையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். விளக்கு அணைந்தது. வாளை வீசியது எந்தக் கை என்று கடைசிவரை உறுதியாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் எனக்கு அது பெரிய கோபம். அத்தனை பாகம் படித்தவளை ஏமாற்றிவிட்டாரே என்று நினைத்தேன். பிறகு கல்வெட்டைப் படித்ததும் கோபம் போய்விட்டது. கல்கி கல்வெட்டுக்கு அடங்கி நின்றிருக்கிறார்.

அந்தக் கல்வெட்டு காட்டுமன்னார்கோயிலில், அனந்தீசுவரம் கோயில் சுவரில் இருக்கிறது. உடையார்குடிக் கல்வெட்டு என்பார்கள். ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துப் பெருங்குறிப் பெருமக்களுக்கு, அதாவது ஊர்ச் சபைக்கு, அரசர் அனுப்பிய ஸ்ரீமுகம், அதாவது ஆணை ஓலை, அதில் இருக்கிறது. 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகாலசோழனைக் கொன்று துரோகிகளான' என்று சொல்லிப் பெயர்களை அடுக்குகிறது. சோமன். ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன். பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன். பட்டப்பெயர்களைப் பார்த்தாலே தெரியும், அரசாங்கத்தில் பெரிய நிலையில் இருந்தவர்கள். யார் திட்டமிட்டார்கள், எதற்காக, எங்கே, எந்த நாழிகையில் என்று ஒரு வார்த்தை இல்லை. வரலாற்றாசிரியர்களில் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழர்மேல் சந்தேகப்பட்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் பார்த்தால், 31 ஏடுகள் கொண்ட அவ்வளவு பெரிய ஆவணம், ராஜேந்திரன் காலத்தது, சொந்தக் குடும்பத்தின் புகழ் பாடுவது, அதுவும் ஆதித்தன் விண்ணுலகம் காணும் ஆசையால் மறைந்தான் என்று பதமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

ஆனால் நான் உடையார்குடிக் கல்வெட்டில் படித்தது வேறு. அதற்கு என் வேலை காரணம்.

நான் பத்திரம் எழுதுகிற அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வடசென்னையில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச் சாரியில். காலையிலிருந்து சாயங்காலம்வரை தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, செக்குபந்தி. கிழக்கே இன்னாருடைய வீடு, மேற்கே பொதுத் தெரு, வடக்கே காலி மனை. இதையே பன்னிரண்டு வருஷமாக எழுதுகிற கைக்கு அந்தக் கல்வெட்டைப் படித்தவுடனே தெரிந்துவிட்டது, இது கொலை வழக்கின் தீர்ப்பு என்பதைவிட நிலப் பத்திரம். கொலை அதில் வில்லங்கமாக வருகிறது. துரோகிகளின் சொத்தை எடுத்து விற்க வேண்டும், விற்பதை மேற்பார்க்க இரண்டு பேரை அனுப்புகிறோம், அவர்கள் கண்காணிப்பில் செய்யுங்கள் என்கிறது அரசர் வாக்கு. அப்படி விற்ற நிலத்தை ஒருவர் பொன் கொடுத்து வாங்கி, அந்தக் கோயிலில் அறம் நடக்க எழுதிவைக்கிறார். பிற்காலத்தில் யாரும் வந்து, 'இது எங்கள் பாட்டன் சொத்து' என்று கேட்டுவிடக் கூடாது. அதற்காகத்தான் பழைய கதை அவ்வளவும் கல்லில் ஏறியிருக்கிறது. ஒரு வாங்குபவருக்கு சுத்தமான பாத்தியம் வேண்டியிருந்ததால் நமக்கு ரவிதாசன் பெயர் கிடைத்திருக்கிறது.

அதில் யார் யார் சொத்து என்று ஒரு பட்டியல் வருகிறது. கொன்றவர்களுடையது மட்டும் இல்லை. அவர்கள் மக்களுடையது, மனைவிமாருடையது, மாமன்மாருடையது, மக்களைக் கட்டிக்கொண்டவர்களுடையது, கூடப் பிறந்த பெண்களைக் கட்டிக்கொண்டவர்களுடையது.

இந்தக் கடைசி ஆளிடம் நான் நின்றுவிட்டேன்.

கூடப் பிறந்தவளைக் கட்டியவர். பெயர் கிடையாது. அவளுக்கும் கிடையாது. அக்காவா, தங்கையா என்பதும் கிடையாது. நான் தங்கை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். கொலை நடந்து 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த மனிதர் எங்கோ ஒரு பிரமதேயத்தில், பிராமணர்களுக்குத் தானமாகத் தந்த ஊரில், தன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளைப் பெற்று, தலை நரைத்து உட்கார்ந்திருக்கிறார். மைத்துனன் என்ன செய்தான் என்பது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. ஒருநாள் சபை கூடுகிறது. ஸ்ரீமுகம் படிக்கப்படுகிறது. நிலமுள்ளவர்கள் உட்காரும் சபை அது. அவரே அங்கே உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

சரித்திரக் காதல் கதை என்றாலே நந்தவனம், நிலா, மாறுவேடத்தில் வரும் இளவரசன், மதில் ஏறிக் குதிப்பது, சுரங்கவழி, ஓலை. இவை எல்லாவற்றையும் நான் உயிராகப் படித்திருக்கிறேன், இன்றும் கிடைத்தால் சாப்பாட்டை மறந்து படிப்பேன். ஆனால் எனக்குத் தோன்றுவது, அந்தக் கொலையில் இருக்கிற பெரிய காதல் கதை கடம்பூர் மாளிகையில் இல்லை. அது இந்த மனிதரின் வீட்டில் இருக்கிறது. இவளைக் கட்டினதால் என் நிலம் போயிற்று என்று அவர் நினைத்தாரா? நினைத்ததை அவளிடம் சொன்னாரா? துப்பறிகிற கதையும் அங்கேதான் இருக்கிறது. அவளுக்கு முன்பே தெரியுமா? அண்ணன் ஒரு ராத்திரி வந்து தங்கிவிட்டுப் போனதை அவள் இத்தனை வருஷமும் கணவரிடம் மறைத்தாளா?

இப்போது எழுதுகிற பலரும் கல்வெட்டில் இருப்பதை மாற்றுகிறார்கள், இல்லாத இடத்தைக் காலியாக விடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. கல் சொன்னதைத் தொடக் கூடாது. கல் வாய் மூடுகிற இடத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். ஆயா செய்தது அதுதான். இருந்த பக்கங்களில் அவர் ஒரு வரியையும் மாற்றவில்லை. இல்லாத இரண்டு வாரத்துக்குள் ஒரு செக்கு வீட்டைக் கட்டினார்.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். சோழர் சமையலறையில் மிளகாய் அரைக்கிறார்கள் என்று படித்தால் எனக்கு அந்தப் பக்கத்துக்கு மேல் மனசு ஓடாது. மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் கப்பலேறி இங்கே வர இன்னும் 500 வருஷத்துக்கு மேல் இருக்கிறது. அன்றைய காரம் மிளகுக் காரம். நேரமும் அப்படித்தான். 24 நிமிஷம் ஒரு நாழிகை, ஏழரை நாழிகை ஒரு யாமம். 'கொலை நடந்தபோது நீ எங்கே இருந்தாய்' என்ற கேள்விக்கு அந்தக் காலத்துச் சாட்சி, மணி பத்தரை என்று சொல்ல முடியாது. 'இரண்டாம் யாமத்துக் காவல் மாறியபோது' என்பான், 'அர்த்தசாம மணி அடித்த பிறகு' என்பான். காவல் சற்று முன்பின்னாக மாறியிருந்தால் சாட்சியமே ஆட்டம் கண்டுவிடும். மர்மக்கதை எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

தண்டனைகளும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. வேட்டையில் குறி தவறி ஒருவன் மேல் அம்பு பட்டு அவன் இறந்துபோனால், எய்தவன் கோயிலில் ஒரு நுந்தா விளக்கு, அதாவது அணையாத விளக்கு, வைக்க வேண்டும் என்று ஊரார் தீர்த்த கல்வெட்டுகள் பல இருக்கின்றன. விளக்கு எரிய நெய் வேண்டும், நெய்க்கு ஆடு வேண்டும். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், சில இடங்களில் 90. இடையரிடம் ஒப்படைப்பார்கள். கிழடானதையும் செத்ததையும் குட்டிகளால் ஈடுகட்டி, எண்ணிக்கை குறையாமல் வைத்திருக்க வேண்டும். அதனால் அவற்றுக்குப் பெயர், 'சாவா மூவாப் பேராடு'. சாகவும் சாகாத, மூப்பும் அடையாத ஆடுகள். இந்தச் சொல்லை முதன்முதலாகப் படித்த அன்று அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. செத்தவனுக்காகச் சாகாத ஆடுகள். எய்தவன் தினமும் மாலையில் அந்த விளக்கைத் தாண்டித்தானே வீட்டுக்குப் போயிருப்பான்?

இதெல்லாம் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சமாசாரம், சென்னைக்கும் இதற்கும் என்ன என்று கேட்பார்கள். சென்னையில் ஆங்கிலேயர் இடம் வாங்கிய 1639-க்கு முன்னால் ஒன்றுமே இல்லாத மாதிரி ஒரு பேச்சு இருக்கிறது. எங்கள் பக்கம் வந்து பாருங்கள்.

ஆயா எங்களை மாசித் திருவிழாவுக்குத் திருவொற்றியூர் அழைத்துப் போவார். அன்றைக்கு டி.எச். ரோடு வழியாகப் பஸ், இன்றைக்கு மெட்ரோவில் தேரடி நிலையத்தில் இறங்கினால் கோயில். மகிழடி சேவை அன்று கூட்டம் நெரியும். ஆயா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த மகிழ மரத்தைக் காட்டி, "இங்கதான் சத்தியம் பண்ணாரு" என்பார்.

சேக்கிழார் நம் குன்றத்தூர்க்காரர், 12-ஆம் நூற்றாண்டு. பெரிய புராணத்தில் சுந்தரர் சங்கிலியார் பகுதியைப் படித்தவர்களுக்குத் தெரியும், இவ்வளவு கட்டுக்கோப்பான காதல் கதையைப் பிறகு யாரும் சுலபத்தில் எழுதிவிடவில்லை. சங்கிலியார் ஞாயிறு என்ற ஊர்ப் பெண். அந்த ஊர் இன்றும் செங்குன்றத்துக்கு அப்பால் இருக்கிறது. கல்யாணம் வேண்டாம் என்று ஒற்றியூரில் கன்னிமாடத்தில் இருந்து இறைவனுக்குப் பூத்தொடுக்கிறார். மாலை கொடுக்க வந்த ஒரு கணத்தில் சுந்தரர் பார்த்துவிடுகிறார். சிவனிடமே போய்க் கேட்கிறார். சங்கிலியாரின் தயக்கம் நியாயமானது, சுந்தரருக்குத் திருவாரூரில் மனைவி பரவையார் இருக்கிறாரே? பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்வான் என்கிறார் சிவன் கனவில் வந்து. சுந்தரர் மறுபடி சிவனிடம் போகிறார். சத்தியம் செய்ய நான் சந்நிதிக்கு வரும்போது நீர் அங்கே இருக்காதீர், மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று கேட்டுக்கொள்கிறார். ஆகட்டும் என்று ஒப்புக்கொள்கிறார் சிவன். அன்று ராத்திரியே மறுபடி சங்கிலியார் கனவில் வந்து, சந்நிதியில் வேண்டாம், மகிழின் கீழே சத்தியம் வாங்கு என்று சொல்லிவிடுகிறார்!

காலையில் சுந்தரர் நிம்மதியாகச் சந்நிதிக்கு வருகிறார். தோழிப் பெண்கள், இதற்காகவா சாமி முன்னால் சத்தியம், மகிழடியே போதும் என்கிறார்கள். மறுத்தால் மாட்டிக்கொள்வார், ஒப்புக்கொண்டாலும் மாட்டிக்கொள்வார். மரத்தை மூன்று முறை வலம் வந்து, பிரியேன் என்கிறார். பிறகு ஒரு வசந்த காலத்தில் திருவாரூர் நினைவு வந்து கிளம்பிவிடுகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டின அடியில் இரண்டு கண்ணும் போகிறது.

கண்ணில்லாமல் நடந்த அவருக்கு வழியில் திருவெண்பாக்கத்தில் இறைவன் ஓர் ஊன்றுகோல் தந்ததாகக் கதை. அந்தப் பழைய கோயில் இருந்த இடம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது, கோயிலை வேறிடத்தில் கட்டினார்கள். பூண்டித் தண்ணீர் சென்னைக்குக் குடிதண்ணீர். கதை அதற்குப் பிறகு முழுக்க சுந்தரர் பின்னாலேயே போகிறது, காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் ஒரு கண் என்று. சின்ன வயதில் நான் ஆயாவிடம் கேட்டது, "அந்த அக்கா என்ன ஆனாங்க?"

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பூ கட்டுனாங்க" என்றார்.

அதே கோயிலில் இன்னொரு மனிதர் இருக்கிறார். அவரைப் பற்றி எனக்கு ஆயா சொல்லவில்லை, கல்வெட்டுத் தொகுதிகளில்தான் கண்டுபிடித்தேன். பெயர் சதுரானன பண்டிதர். இந்தக் கோயில் மடத்துத் துறவி. அவருடைய முந்தைய வாழ்க்கையைக் கல்வெட்டு சொல்கிறது. கேரளத்தில் பிறந்தவர், எல்லாக் கல்வியும் கற்றவர். சோழ நாட்டுக்கு வந்து, முதலாம் பராந்தகனின் மகன் ராஜாதித்தனுக்கு நெருங்கியவராகிறார். 949-இல் அரக்கோணத்துக்குப் பக்கத்தில் தக்கோலத்தில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு பெரிய போர். கல்வெட்டுகள் கன்னரதேவன் என்று சொல்வது இவனைத்தான். அந்தப் போரில் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடி இறந்தான். 'யானைமேல் துஞ்சின தேவர்' என்றே அவனைச் சொல்வார்கள். நண்பர் அவனோடு சாகவில்லை. போரில் உடன் சாக முடியாமல்போன துயரத்தில் உலகத்தைத் துறந்தார், கங்கையில் நீராடினார், ஒற்றியூருக்கு வந்து நிரஞ்சன குருவிடம் துறவு வாங்கினார்.

திருமுனைப்பாடியில் ராஜாதித்தனோடு இருந்த வெள்ளங்குமரன் என்ற மலைநாட்டு, அதாவது கேரளத்து, படைத்தலைவனும் இவரும் ஒருவரே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ராஜாதித்தன் படையோடு தங்கியிருந்தது அந்தப் பகுதியின் திருநாவலூரில். சுந்தரர் பிறந்ததும் அதே திருநாவலூர். ஒருவர் சத்தியத்தை மீறிக்கொண்டு ஒற்றியூர் எல்லையைத் தாண்டிப் போனார். சில நூற்றாண்டு கழித்து அதே ஊரிலிருந்து இன்னொருவர், கூட நிற்க முடியாமல்போன குறையைத் தூக்கிக்கொண்டு அதே எல்லைக்குள் வந்து சேர்ந்தார். மகிழ மரத்தைத் தினமும் கடந்துதானே பூசைக்குப் போயிருப்பார்?

போர் நடந்த அன்று அவர் எங்கே இருந்தார்? இதைப் பற்றிக் கல் வாய் திறக்கவில்லை. வேறு முனைக்கு அனுப்பப்பட்டாரா, காயம்பட்டுக் கிடந்தாரா, வேண்டுமென்றே யாராவது அவரை அப்புறப்படுத்தினார்களா? ராஜாதித்தன் இறந்த விதத்தையும் இரண்டு தரப்பும் இரண்டு மாதிரி சொல்கின்றன. சோழர் செப்பேட்டில் கிருஷ்ணனின் அம்பு நெஞ்சில் தைத்தது. கர்நாடகத்து ஆதகூர்க் கல்லில், கங்க மன்னன் பூதுகன் அம்பாரியையே போர்க்களமாக்கிக்கொண்டு கொன்றான். அந்த ஆதகூர்க் கல் எழுந்ததே வேறு காரணத்துக்காக. மணலேரன் என்ற வீரன் பரிசாகக் கேட்டு வாங்கிய காளி என்ற வேட்டை நாய் ஒரு காட்டுப்பன்றியோடு சண்டை போட்டுச் செத்தது. அதற்கு நட்ட நடுகல்லில்தான் சோழ இளவரசனின் சாவும் பதிவாகியிருக்கிறது.

பண்டிதரின் கல்வெட்டில் எனக்குத் தொண்டை அடைத்த இடம் வேறு. அதன் ஆண்டுக் கணக்கு. கன்னரதேவனின் 20-ஆவது ஆண்டு. ஒற்றியூர் இருக்கிற தொண்டை மண்டலம் அப்போது ராஷ்டிரகூடர் கையில். நண்பனின் உயிரை எடுத்த அரசனின் ஆட்சியாண்டைப் போட்டுத்தான் அவர் தன் கொடையை எழுதவைக்க முடிந்தது. பத்திரம் எழுதுகிறவளுக்குத் தெரியும், தேதி போடாமல் எதுவும் செல்லாது. அந்த வரியை எழுத்து வெட்டுகிறவருக்கு அவர் வாயால் சொன்னபோது பக்கத்தில் யார் நின்றார்கள்?

வீராணம் ஏரியை ராஜாதித்தன் வெட்டுவித்ததாகச் சொல்வார்கள். தன் தந்தையின் பட்டப்பெயரான வீரநாராயணன் என்பதை அதற்கு வைத்தானாம். வந்தியத்தேவன் வரும் ஏரி அது. அதன் பக்கத்தில்தான் உடையார்குடி. 2004-இலிருந்து அந்த ஏரித் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கு வருகிறது.

மூன்று வருஷமாக நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் பண்டிதர் ஒரு கிழவராக வருகிறார், ஆனால் கதை அந்தத் தங்கையுடையதும் அவள் கணவருடையதும். சபையில் ஸ்ரீமுகம் படிக்கிற காட்சிவரை எழுதிவிட்டேன். அவர் எழுந்து வீட்டுக்குப் போகிறார். போய் அவளிடம் முதலில் என்ன சொன்னார்? இந்த ஒரு இடத்தில் ஏழெட்டு மாசம் நின்றுபோனேன். எதை எழுதினாலும் நாடகம் மாதிரி வந்தது.

போன ஆடியில் அலுவலகத்துக்கு ஓர் அம்மா வந்தார். அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க. 'மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை' என்று நான் படித்துக் காட்டினேன். வாரத்துக்கு நாலு பேருக்காவது படிக்கிற வரி அது. அண்ணன்காரர் கடன்பட்டு, வழக்கில் மாட்டி, வீட்டை விற்க வேண்டிய நிலையில் இருந்தார். அந்த அம்மா அவர் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு, கட்டைவிரலை மையில் ஒற்றி ரேகை வைத்தார். அவருடைய கணவர் உள்ளேயே வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இதில் இஷ்டமில்லை என்று அண்ணன்காரர் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார்.

வேலை முடிந்து அந்த அம்மா வெளியே போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. அந்த மனிதர் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார், துண்டின் முனையை நனைத்தார், அந்த அம்மாவின் கையை இழுத்துக் கட்டைவிரலில் இருந்த மையைத் துடைக்க ஆரம்பித்தார். அது லேசில் போகிற மை இல்லை. ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி அந்தக் காட்சியை எழுதி முடித்தேன். வீட்டுக்கு வந்தவருக்கு வழக்கம்போல் அவள் கால் கழுவத் தண்ணீர் எடுக்க எழுந்திருக்கிறாள். சேதி அதற்குள் தெருவில் பரவி அவள் காதுக்கும் வந்துவிட்டது. அவர் அவளை உட்காரச் சொல்கிறார். தானே கிணற்றில் நீர் சேந்திக் கொண்டுவந்து அவள் காலடியில் வைக்கிறார்.